நாலாம் அதிகாரமும் தலைமடைத் தண்ணீரும்

தில்லைநாதன் மாஸ்டரைப் பற்றி அந்தக் குடியேற்றத் திட்டத்தில் இரண்டு கதைகள் உலாவின. அவர் வீட்டில் ருசியப் புத்தகங்கள் இருப்பதைக் கேள்விப்பட்டவர்கள் அவரைக் கம்யூனிஸ்ட் என்றார்கள். அந்தப் புத்தகங்கள் கடவுளைப் பற்றியவை என்று கேள்விப்பட்டவர்கள் பக்திமான் என்றார்கள். ஒருநாள் கிளிநொச்சியிலிருந்து ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, வேலியோரம் நின்றபடியே கேட்டார்.

"மாஸ்டர், மேலிடத்திலை விசாரிக்கினம். நீங்கள் எந்தப் பக்கம்?"

"நெல்லுப் பக்கம்" என்றார் தில்லைநாதன். கையில் களைக்கொத்து இருந்தது. விதானையார் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

உண்மை இந்த இரண்டு கதைக்கும் வெளியே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் கல்லூரியில் அவர் ஆங்கிலமும் தர்க்கமும் படிப்பித்தவர். காலைப் பிரார்த்தனைக்குப் பிள்ளைகளை வரிசையில் ஓட்டிக்கொண்டு போக மறுத்ததால் வேலை போயிற்று. அங்கே முன்பு இருந்த பாதிரியார் ஒருவர் ஊருக்குத் திரும்பியபோது ஒரு பெட்டிப் புத்தகங்களை அவருக்கு விட்டுப் போயிருந்தார். பெட்டிக்குள் இருந்தவர் ஸெரெப்ரின் என்ற ருசியத் தத்துவஞானி. வேலை போனவருக்கு அரசாங்கம் நிலம் பங்கிடும் காணிக் கச்சேரி வைத்துக் குளத்துக்குக் கீழே வயல் கொடுத்தது. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த மனைவி நேசமலர், ஒரு தட்டச்சு இயந்திரம், அந்தப் பெட்டி, இவ்வளவோடும் அவர் கிளிநொச்சிப் பக்கம் வந்து இறங்கினார்.

நெல் முற்றும் காலத்தில் கிளி விரட்டப் பரணில் ஏறி இருப்பார். மடியில் ருசிய இலக்கணம். வேற்றுமை உருபுகளை உரக்கச் சொல்லிப் பழகுவார். கிளிகள் அந்த வயலில் இறங்குவதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

"ருசியாக்காறன்ரை பாஷைக்குப் பேய்தான் நிக்கும். கிளி நிக்குமோ?" என்பான் ஏரம்பு.

ஏரம்பு கடைமடைக்காரன். வாய்க்காலின் வால்பகுதியில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் காணி விழுந்திருந்தது. வடமராட்சியில் அவர்களைக் கோயிலின் வெளிவீதியோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அங்கே எதிர்ப்படுகிறவனையெல்லாம் "நயினார்" என்று கூப்பிட்டு வளர்ந்தவன், ரயிலை விட்டு இறங்கிய அன்றே அந்தச் சொல்லைக் கைவிட்டான். தில்லைநாதனை "வாத்தியார்" என்பான். மற்றவர்களைக் கூப்பிடாமலே கதைத்துவிடுவான்.

இனி ஸெரெப்ரினைப் பற்றி. இளமையில் அவர் உலகத்தை ஒரு பெருங்கோயிலாகக் கண்டவர். அடியில் தூண், மேலே விளக்கு, இடையில் ஒவ்வொரு கல்லும் தனக்குரிய இடத்தில். அரசன், குரு, உழவன் எல்லோரும் தத்தம் இடத்தில் நிற்பதே கடவுளின் முத்திரை என்று தடித்தடியான நூல்களாக எழுதினார். பிறகு புரட்சி வந்தது. நாடு கடத்தப்பட்டார். வெளிநாட்டு நகரமொன்றில், குளிர்பிடித்த ஒற்றை அறையில், நோயாளியாகக் கடைசிக் காலத்தைக் கழித்தார். அங்கே சின்னச் சின்னப் பிரசுரங்களாக எழுதியது வேறு மாதிரி இருந்தது. கடவுள் ஆளுவதில்லை என்றார். ஆளுகிற ஆசை மனிதருடையது. தங்கள் முடியைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டுப் பிறகு அதற்கு முன்னால் விழுந்து கும்பிடுகிறார்கள் என்றார். கடவுளால் செய்யக்கூடியது கேட்பது ஒன்றுதான், மனிதர் மறுக்கலாம். ஆகவே, "கடவுள் உன்னை அங்கே நிற்கச் சொன்னார்" என்று ஒருவன் சொன்னால், அவன் தன்னுடைய விருப்பத்தைத்தான் சொல்கிறான்.

லண்டன் பல்கலைக்கழகத்துக்கு வெளிவாரி மாணவராகத் தில்லைநாதன் எழுதிக்கொண்டிருந்த ஆய்வு இந்தப் பிற்காலச் சிந்தனையைப் பற்றியது. அவருடைய வாதம் தெளிவானது. அது சிந்தனையே அல்ல. நோயாளியின் பெருமூச்சு. அதைத் தள்ளிவிட்டால் அந்தப் பெருங்கோயில் விரிசல் இல்லாமல் நிற்கும். மூன்று அதிகாரங்களில் கோயிலைக் கட்டினார். நாலாம் அதிகாரத்தில் பெருமூச்சைத் தள்ளினார். நேசமலர் அதைக் குசினி மேசையில் வைத்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

தில்லைநாதனுக்கு ஏன் அந்தக் கோயில் அவ்வளவு பிடித்தது என்று கேட்டால், வாழ்க்கை நடுவில் முறிந்தவனுக்கு முறியாத ஒன்று தேவைப்படுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். பட்டம் கிடைத்தால் சேற்றை விட்டு ஏறலாம் என்றும் நினைத்தார். அதை மறைக்க வேண்டியதில்லை.

குடியேறிய முதல் வருடத்துக்குத் திரும்பிப் போகவேண்டும். அப்போது அது காடு. யானை வந்தால் எல்லோரும் ஒரே கொட்டிலுக்குள் ஓடினார்கள். காய்ச்சல் வந்தால் எந்த வீட்டில் அடுப்பு எரிந்ததோ அந்த வீட்டுக் கஞ்சியைக் குடித்தார்கள். ஆர் வீடு என்று ஒருவரும் கேட்கவில்லை. கிளைவாய்க்கால் தொடங்கும் மடைக்குப் பக்கத்தில், ஒரு பாலைமரத்தின் கீழ், பிள்ளையாரை வைத்தார்கள். மடை திறக்கும் முன் பொங்க வேண்டும். பொங்கல் பானைக்கு முதல் தண்ணீரை மடையிலிருந்து எடுத்துவர வேண்டும். அந்தப் பானை பொங்கி வழிந்த பிறகுதான் மடை திறக்கலாம். யார் எடுத்து வருவது? பழைய ஊர்களில் இந்த உரிமைக்காகக் கோர்ட்டு வரைக்கும் போனவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

சீட்டுப் போடுவோம் என்று சொன்னவர் தில்லைநாதன். ஓலைத்துண்டுகளில் காணி இலக்கங்களை எழுதி மண்முட்டியில் போட்டுக் குலுக்கி, பூசை செய்யும் ஐயர் ஒன்றை எடுப்பார். அந்தக் காணிக்காரர் தண்ணீர் எடுப்பார். பெயர் எழுதினால் ஒரே பெயரில் பலர்; இலக்கம் சுலபம். அரசாங்க வரைபடத்தைப் பார்த்து வரிசையாக எழுதினார். அந்த வரைபடத்தில் சாதிக்கென்று ஒரு கட்டம் போடப்பட்டிருக்கவில்லை. பழைய ஊரில் எவரும் செய்திருக்க மாட்டாத தவறு. காட்டை வெட்டியவர்கள் மட்டுமே செய்யக்கூடியது.

சில வருடங்கள் போயின. விளைச்சல் வந்தது. விளைச்சலோடு பிள்ளையாருக்கு ஓடு வந்தது, சுவர் வந்தது, பரிபாலன சபை வந்தது, சபைக்குத் தலைவராக இளையதம்பி வந்தார். கிளைவாய்க்கால் மடைப் பூட்டின் திறப்பும் அவரிடம்தான் இருந்தது. கோயிலுக்குக் கல்லும் மணலும் சுமந்தவர்களில் கடைமடைக்காரரே அதிகம். கூரை ஏறி முடிந்ததும் மாடு நுழையாமல் இருக்க வேண்டுமென்று சொல்லி முட்கம்பி வேலி போட்டார்கள். கம்பி வேலையில் கைதேர்ந்தவன் என்று ஏரம்புவையே கூப்பிட்டு இழுத்துக் கட்டச் செய்தார்கள். கட்டி முடிந்த பிறகுதான், அது எந்த மாட்டுக்கு என்று அவனுக்குத் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கடைமடைக்காரரை வேலிக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். மரபாம். கோயிலுக்கு வயது ஆறு. மரபுக்கு மட்டும் ஆயிரம்!

தில்லைநாதனுக்கு அது பிடிக்கவில்லை. "காலப்போக்கிலை சரிவரும்" என்றார். வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு கல்லும் தனக்குரிய இடத்தில் நிற்கும் அழகைப் பற்றிய இரண்டாம் அதிகாரத்தைத் திருத்தினார். படித்தவர்களின் நோய் இதுதான். அநியாயத்தைப் பார்க்கிறார்கள், பிறகு அதற்கு ஒரு காலப்போக்கைக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு, சித்திரை மழையில் உழுது போட்டிருந்த வயல்கள் சிறுபோகத் தண்ணீருக்குக் காத்திருந்தன. இளையதம்பி சீட்டுக் குலுக்கினார். ஐயர் இலக்கத்தை வாசித்தார். அது ஏரம்புவின் காணி. இளையதம்பி ஓலைத்துண்டை வாங்கிப் பார்த்தார். மடித்து மடிக்குள் செருகிக்கொண்டார்.

"சீட்டு வடிவாக் குலுக்குப்படேல்லை" என்றார்.

வேலிக்கு வெளியேயிருந்து ஏரம்புவின் குரல் வந்தது. "குலுக்கினது உங்கட கைதானே. கை சுகமில்லையோ?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் இளையதம்பியால் பொறுக்க முடியவில்லை.

பின்னேரம் அவர் தில்லைநாதன் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்து, நேசமலர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் மழையைப் பற்றியே கதைத்தார். பிறகு சொன்னார்.

"மாஸ்டர், இந்தச் சீட்டுச் சட்டம் நீங்கள் போட்டது. ஆனபடியா நீங்கள்தான் இதுக்கு ஒரு வழி சொல்லோணும். கோயிலைப் பதியிறதுக்குச் சட்டதிட்டமெல்லாம் போட்டு யாப்பு எழுதவேணும்தானே. அதுக்குள்ளை ஒரு வசனம் வடிவாப் போட்டு விடுங்கோ. பொங்கலண்டைக்குச் சனத்துக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பினம்."

"ஏரம்புவின்ரை காணிக்குச் சீட்டு விழுந்திருக்கே, தலைவர்."

"விழுந்தது தவறுதலா விழுந்தது. நெடுக இருக்கிற ஒழுங்கை ஒரு ஓலைத்துண்டு மாத்தேலுமே? உங்கட ருசியரும் ஒழுங்கு ஒழுங்கெண்டுதானே எழுதியிருக்கிறார். போன திருவிழாவிலை நீங்கள்தானே பேசினனீங்கள்! நான் கை தட்டினனான்."

அது உண்மை. பேசியிருந்தார். கை தட்டியதும் உண்மை.

இளையதம்பி போன பிறகு அவர் எழுதத் தொடங்கினார். கை பழகியிருந்தது. வசனம் தடங்கலின்றி வந்தது: 'பிற்காலத்தில் தற்செயலாக நேரும் ஒன்று, ஆதியில் நிலைநாட்டப்பட்ட ஒழுங்கை மாற்றுவதாகக் கொள்ளப்படலாகாது.' இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். நல்ல வசனம். நேசமலரிடம் கொடுத்தார். அவர் வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்டுமில்லை. இதை நான் போன கிழமை அடிச்சிட்டன். இங்கிலீசிலை."

"எதை?"

"உங்கட நாலாம் அதிகாரத்தை." அவர் தட்டச்சுத் தாள்களைப் புரட்டி ஒரு பக்கத்தை எடுத்து யாப்புத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். "பாருங்கோவன். நோயும் நாடு கடத்தலும் தற்செயலாக் கொண்டுவந்த கடைசி எழுத்துகள், முதலிலை நிறுவின ஒழுங்கை மாத்தாது. அச்சொட்டா அதே வசனம். அந்தாள் கடைசியாச் சொன்னதை நீங்கள் கணக்கிலை எடுக்கேல்லை. இளையதம்பியர் கடைசியா விழுந்த சீட்டைக் கணக்கிலை எடுக்கேல்லை. ரெண்டுக்கும் காரணம் ஒண்டுதான்."

"என்ன காரணம்?"

"வந்தது பிடிக்கேல்லை."

தில்லைநாதன் கோபப்பட்டார். ஆய்வும் ஊர்ச்சண்டையும் ஒன்றல்ல என்றார். ஆதாரங்களைச் சீர்தூக்கித்தான் அந்த முடிவுக்கு வந்ததாகச் சொன்னார். நேசமலர் இரண்டு தாள்களையும் ஒன்றாக அடுக்கினார். "அப்ப ரெண்டையும் ஒரே றிபனிலை அடிச்சு விடுறன்" என்று சொல்லிவிட்டு இரவுச் சமையலுக்கு எழுந்து போனார். அது கோபத்தை இன்னும் கூட்டியது.

மறுநாள் காலை வாய்க்கால் கரையில் ஏரம்புவைக் கண்டார். விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடிக்கொண்டிருந்தான். ஊர் முழுக்க அன்று அந்த வேலைதான். மடை திறந்ததும் சேறடித்து உடனே விதைக்க வேண்டுமென்றால், நெல் இப்போதே முளை கட்ட வேண்டும்.

"வாத்தியார், எழுதி முடிஞ்சுதோ?"

"இன்னும் இல்லை."

"ஒண்டு கேக்கவோ?" ஏரம்பு நிமிர்ந்தான். "முதல் வருசம் நீங்கள்தானே ஓலையிலை இலக்கம் எழுதினனீங்கள். என்ரை காணியையும் போட்டனீங்கள். தெரிஞ்சு போட்டனீங்களோ, தெரியாமல் போட்டனீங்களோ?"

தெரிந்து என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனியில் வந்தும் நின்றது.

"தெரியாமல்தான். அதைப் பற்றி நினைக்கேல்லை."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்." அவன் குனிந்து சாக்கின் கட்டை இறுக்கினான். "நினைக்காமல் செய்யேக்குள்ளை நல்லாச் செய்திருக்கிறியள். இப்ப நினைச்சுச் செய்யப் போறியள். பாப்பம்."

தில்லைநாதன் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். மனைவி சொன்னது தவறு என்று நிரூபிப்பதுதான் நோக்கம். கடைசிப் பிரசுரங்களை ஆதரவாளனாகவும் எதிரியாகவும் இல்லாமல், தர்க்கம் படிப்பித்த வாத்தியாராக மட்டும் வாசித்தார். பெருமூச்சு எங்கே என்று தேடினார். கிடைக்கவில்லை. ஒரு படிக்கு அடுத்த படி, ஒரு மறுப்புக்கு ஒரு பதில், எல்லாம் ஒழுங்காக இருந்தன. காய்ச்சல்காரன் இப்படி வாதிட மாட்டான். பிறகு ருசியரின் நடுவயது நூலொன்றின் அடிக்குறிப்பு கண்ணில் பட்டது. கடவுள் கட்டளையிடுவதில்லை, கேட்கிறார் என்ற அதே கருத்து. ஸெரெப்ரின் நல்ல சம்பளமும் நல்ல உடம்புமாக இருந்த காலத்தில் எழுதியது. அதன் கீழே பென்சில் கோடு. கோடு தில்லைநாதன் போட்டது. எப்போதோ வாசித்திருக்கிறார், கோடும் போட்டிருக்கிறார், நாலாம் அதிகாரம் எழுதும்போது அதை நினைக்காமல் விட்டிருக்கிறார்.

நோய்தான் காரணம் என்ற வாதம் அந்த ஓர் அடிக்குறிப்பில் விழுந்துவிட்டது. அது விழுந்தால் நாலாம் அதிகாரம் விழும். நாலாம் அதிகாரம் விழுந்தால் முன்னே கட்டிய மூன்றும் ஆடும். பல வருட உழைப்பு. யாப்புத் தாள் மேசையில் கிடந்தது. அதற்கு ஒரு கையெழுத்துத்தான் குறை.

குசினியில் நேசமலர் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். "அந்த அதிகாரத்தை அடிக்கவேண்டாம்" என்று போய்ச் சொன்னார். அவர் திருவுவதை நிறுத்தாமலே, "எதை? இங்கிலீசையோ தமிழையோ?" என்றார்.

"ரெண்டையும்."

பொங்கலன்று விடிந்தபோதே எல்லோரும் கூடிவிட்டார்கள். உள்ளே ஒரு கூட்டம், கம்பிக்கு வெளியே ஒரு கூட்டம். மூன்று கல் வைத்து, பானை ஏற்றி, விறகு அடுக்கியாயிற்று. பானை வெறுமையாக இருந்தது. ஏரம்பு குளித்து, வேட்டி கட்டி, புதுச் செம்போடு வெளியே நின்றான். அவன் மனைவி இலட்சுமி அவனுடைய சால்வையின் நுனியைப் பிடித்தபடி நின்றாள். போகவிடாமல் பிடித்தாளா, போ என்று பிடித்தாளா தெரியவில்லை.

"வாசியுங்கோ, மாஸ்டர்" என்றார் இளையதம்பி.

"வாசிக்க ஒண்டுமில்லை. சட்டம் பழைய சட்டந்தான். சீட்டு ஆருக்கு விழுந்துதோ அவர் தண்ணி எடுப்பார்."

"மாஸ்டர்!"

"இவ்வளவு வருசமும் விழுந்த சீட்டையெல்லாம் சரியெண்டு ஏத்துக்கொண்டனாங்கள். இது மட்டும் பிழையெண்டால், மற்ற வருசத்துப் பொங்கலும் பிழை. திருப்பிப் பொங்குவமோ?"

உள்ளே இரைச்சல் எழுந்தது. கம்யூனிஸ்ட் என்றார் ஒருவர். வேதக்காரி பெண்சாதியின் வேலை என்றார் இன்னொருவர். இளையதம்பி கையை உயர்த்தி அடக்கினார். "அப்பிடியெண்டால் இந்த முறை பொங்கல் இல்லை" என்றார். சொல்லிவிட்டு, பொங்காமல் மடை திறக்க முடியாதே என்ற நினைவு வந்தவர்போல நின்றார். திறப்பு அவர் மடியில்தான் இருந்தது. யாரும் தடுக்கவில்லை, போய்த் திறந்திருக்கலாம். ஆனால் பொங்காமல் திறந்தால் குளம் உடைக்கும் என்று நம்பியவர்களில் முதல் ஆள் அவர்தான். தன் கையால் கட்டிய நம்பிக்கைக்குள் தானே அகப்பட்டு நின்ற மனிதரைப் பார்க்கத் தில்லைநாதனுக்குப் பாவமாகவும் இருந்தது.

வெயில் ஏறியது. அடுப்பு எரியவில்லை. ஒருவரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. கடைசியில் பெண்கள் பக்கமிருந்து பேசியவர் இளையதம்பியின் மனைவி நாகேஸ்வரி.

"இஞ்சாருங்கோ, சாக்குக்குள்ளை கை வைச்சுப் பாத்தனீங்களோ? நெல்லுச் சுடுகுது. வேரும் வேரும் பின்னுது. இண்டைக்குச் சேறடிக்காட்டி நாளைக்கு அதை மாட்டுக்குத்தான் போடலாம். பிறகு எதை விதைக்கப் போறியள், உங்கட யாப்பையோ?"

ஒவ்வொருவரும் தங்கள் சாக்கை நினைத்துக்கொண்டது முகங்களில் தெரிந்தது. இளையதம்பி முகத்தை வாய்க்கால் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் அனுமதி எதையும் எதிர்பார்க்க முடியாது.

தில்லைநாதன் வேலிக்குப் போய், பாலைமரத்தடியில் கம்பியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். துருப்பிடித்த கம்பி. ஒரு சுற்றுக்கூட அசையவில்லை. முள் உள்ளங்கையைக் கிழித்தது.

"விடுங்கோ, வாத்தியார்" என்றான் ஏரம்பு. "உங்களுக்கு உது ஏலாது. கட்டினவன் நான்." செம்பை இலட்சுமியிடம் கொடுத்துவிட்டு வந்தான். குனிந்து, எந்தச் சுற்று எதற்கு மேல் ஏறியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்தான். பிறகு சுற்றுச் சுற்றாகக் கழற்றினான். "மாட்டுக்கெண்டு சொல்லித்தான் என்னைக் கொண்டு கட்டுவிச்சவை. மாடு ஒண்டும் வரேல்லை" என்றான். கம்பியை வளையமாகச் சுருட்டி மரத்தடியில் வைத்தான். மடைக்கு இறங்கிச் செம்பை நிரப்பினான். நிமிர்ந்து நடந்து வந்து பானையில் ஊற்றினான்.

ஐயர் அடுப்பை மூட்டினார். பானை மற்ற வருடங்களைப் போலவே பொங்கி வழிந்தது. மடை திறந்தது. குளம் உடைக்கவில்லை.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுதினால் அது பொய். இளையதம்பி பொங்கலைத் தொடாமல் விதைநெல்லைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனார். சில குடும்பங்கள் பிறகு வேறு கோயிலுக்குப் போகத் தொடங்கின. தில்லைநாதனின் சொந்தத் தமையன் யாழ்ப்பாணத்தில் மகளின் கலியாணத்துக்கு அவரைக் கூப்பிடவில்லை. தில்லைநாதனின் வயலுக்கு முறைத்தண்ணீர் வரும் வேளைகளில் வரம்பு இரண்டு தடவை வெட்டப்பட்டது. வெட்டியது யாரென்று தெரிந்தும் அவர் கேட்கவில்லை; மண்ணைப் போட்டு மூடினார். கம்பி மட்டும் திரும்பக் கட்டப்படவில்லை. ஏரம்பு அதைக் கேட்டு வாங்கிப் போய்த் தன் கத்தரித் தோட்டத்துக்கு வேலி போட்டான். அங்கே உண்மையாகவே மாடு வந்துகொண்டிருந்தது.

நாலாம் அதிகாரத்தைத் தில்லைநாதன் புதிதாக எழுதினார். பிற்காலச் சிந்தனை பெருமூச்சல்ல. முன்னைய நூல்களின் அடியிலேயே ஓடிக்கொண்டிருந்து, மேலே இருந்தவை இடிந்தபோது வெளியே தெரிந்த ஊற்று என்று வாதிட்டார். லண்டன் பரீட்சகர்கள், நாலாம் அதிகாரம் திறமாக இருக்கிறது, ஆனால் முதல் மூன்று அதிகாரங்களோடு முரண்படுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். "சரியாத்தான் சொல்லியிருக்கிறாங்கள்" என்று அவர் மற்ற மூன்றையும் மாற்றி எழுத உட்கார்ந்தார். நேசமலர் புது றிபன் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனார். பட்டம் அறுபதுகளின் நடுவில் வந்தது. சேற்றை விட்டு ஏற்றும் வேலை ஒன்றும் அதனோடு வரவில்லை. அதற்குள் அவருக்குச் சேறு பழகிவிட்டிருந்தது.

"உங்கட ருசியர் கடைசிக் காலத்திலை கோயிலுக்குப் போனவரோ?" என்று பட்டம் வருமுன் ஏரம்பு ஒருமுறை கேட்டான்.

"தெரியேல்லை. ஒருத்தரும் எழுதி வைக்கேல்லை."

"போனால் எங்கை நிண்டிருப்பார்?"

தில்லைநாதன் யோசித்தார். "அதைத்தான் மூண்டாம் அதிகாரத்திலை மாத்தி எழுதிக்கொண்டிருக்கிறன்" என்றார்.

ஒவ்வொரு சிறுபோகத்துக்கும் முன்னர் ஓலைத்துண்டுகளை எழுதும் வேலை அவரிடமே இருந்தது. பழையபடி இலக்கங்கள்தான். ஆனால் இப்போது வரைபடத்தைப் பார்த்து எழுதுவதில்லை. ஓர் இலக்கத்தை எழுதியதும் கையை நிறுத்தி, அது யாருடைய காணி, அந்த ஆள் யார், அவர் செம்போடு நடந்து வந்தால் யாருடைய முகம் சுழிக்கும் என்று ஒரு கணம் நினைப்பார். நினைத்த பிறகு முட்டிக்குள் போடுவார்.